லிண்டல் என்பது ஏழடி உயரமா, சுமை தாங்கும் உத்திரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு கட்டுவோருக்கான பக்கத்தில் ‘லிண்டல்’ என்ற சொல் வாரம் தவறாமல் வருகிறது. ஓரிடத்தில் அது கான்கிரீட் உறுப்பு. அடுத்த பத்தியில் 7 அடி உயரம். கடன் பற்றிய குறிப்பில் அதுவே ஒரு தவணையின் பெயர். விபத்துச் செய்திகளிலோ ஜன்னலுக்கு மேல் வெயில், மழைக்காக வெளியே நீட்டிய சன்ஷேட் விழுந்தாலும் ‘லிண்டல் இடிந்தது’, பரண் விழுந்தாலும் ‘லிண்டல் இடிந்தது’. இரண்டும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது, ‘மேற்கூரை இடிந்தது’. சொல் எப்படிக் குழம்பியிருக்கிறதோ அப்படியே சைட்டில் வேலையும் குழம்பியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சுவரில் கதவுக்கோ ஜன்னலுக்கோ விட்ட திறப்பின் தலைக்கு மேலே குறுக்காகக் கிடந்து, தனக்கு மேலுள்ள சுவரின் பாரத்தை வாங்கி இரண்டு பக்கச் சுவர்களிலும் இறக்குவது லிண்டல். உத்திரத்தின் தம்பி என்று சொல்லலாம். பழைய வீடுகளில் இந்த இடத்தில் வைரம் பாய்ந்த பனங்கட்டை இருக்கும், வசதியான வீடுகளில் தேக்கு, கோயில்களில் கருங்கல். கதவு நிலையின் மேற்சட்டத்தையும் சிலர் லிண்டல் என்கிறார்கள். அது தவறு. நிலை கதவைத் தாங்குவதற்கு, சுவரைத் தாங்குவதற்கு அல்ல. நிலையை முதலில் நிறுத்தி, அதன் தலையையே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையாக்கி மேலே கான்கிரீட் கொட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பின்னாளில் லிண்டல் ஒரு நூல் அளவு தொய்ந்தாலும் பாரம் நிலையின் மேல் இறங்கும். கதவு இறுகும். தச்சரைக் கூப்பிட்டு இழைத்துச் சரிசெய்வார்கள். நோய் கதவில் இருக்காது.

கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. குறுக்கே கிடக்கும் எந்தக் கட்டையிலும் மேல்பாதி அழுந்தும், அடிப்பாதி இழுபடும். கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதும், தூண் தலையில் போதிகை என்ற விரிந்த கல்லை வைத்து உத்திரத்தின் வெற்று நீளத்தைக் குறைத்ததும் இதனால்தான். கான்கிரீட்டும் இந்த விஷயத்தில் கல்லின் சாதிதான். இழுபடும் அடிப்பகுதியில் கம்பி வைப்பதால்தான் 6 அங்குலக் கனத்தில் நம்மால் லிண்டல் போட முடிகிறது. கடப்பா கல்லை லிண்டலாக வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடுக்கடுக்காகப் பிரியும் கல் அது. அலமாரித் தட்டுக்குச் சரி; 3 அடிக் கதவுக்கு மேல் சுவர் சுமக்கக் கூடாது.

இரண்டாவது பொருள், உயரம். கதவு 7 அடி என்பதால் ஜன்னல்களின் தலையையும் அதே மட்டத்தில் நிறுத்துகிறோம். ‘லிண்டல் மட்டம்’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. இதில் தவறில்லை, ஆனால் 7 அடியை எங்கிருந்து அளப்பது என்பதில் சறுக்குகிறார்கள். டைல்ஸும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து 2 முதல் 3 அங்குலம் வரை எடுத்துக்கொள்ளும். வெறுந்தரையிலிருந்து 7 அடி அளந்து லிண்டல் போட்டால், தரை முடிந்த பிறகு நிலை உள்ளே போகாது. அப்போது என்ன நடக்கும் தெரியுமா? உளியும் சுத்தியலும் எடுத்து லிண்டலின் அடியை ஒரு அங்குலம் கொத்துவார்கள். அந்த ஒரு அங்குலத்தில்தான் கம்பிக்குக் கீழிருந்த கான்கிரீட் மறைப்பு முழுவதும் இருந்தது. வெளியே தெரிந்த கம்பியின் மேல் கலவையை அப்பி மூடிவிடுவார்கள். சில மழைக்காலங்களில் துரு அந்தப் பூச்சைத் தள்ளிவிடும்.

மூன்றாவது பொருள்தான் அதிகக் கெடுதல் செய்வது. வீட்டுக்கடனிலும் அரசு வீட்டுத் திட்டங்களிலும் வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துப் பணம் விடுகிறார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்று லிண்டல். போட்டோவில் சுவர் ஏழடிக்கு எழுந்து மேலே சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் போதும். பட்டைக்குள் கம்பி எங்கே இருக்கிறது, சுவரில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது. ‘லிண்டல் போட்டாச்சு’ என்பது பணம் வாங்கும் வாசகமாகிவிட்டதால், போடும் முறையைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

ஆகவே முறையைச் சொல்கிறேன். முதலில் பாரம். திறப்புக்கு மேலுள்ள சுவர் முழுவதும் லிண்டல் மேல் இறங்குவதில்லை. செங்கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தாமாகவே ஒரு வளைவுபோல நிற்கும். திறப்பின் அகலத்தை அடியாகக் கொண்ட சமபக்க முக்கோணத்துக்குள் அடங்கும் சுவர் மட்டும் லிண்டலின் தலையில் விழும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ‘லிண்டலுக்குப் பெரிய பாரமில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். முக்கோணத்துக்கு இடமிருந்தால் அது உண்மை. 4 அடி ஜன்னலுக்கு முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ 3½ அடி. 10 அடி உயர அறையில் 7 அடியில் 6 அங்குல லிண்டல் போட்டால் அதற்கு மேல் கூரையான சிலாப் வரை மிஞ்சுவது 2½ அடிச் சுவர். முக்கோணம் முழுமையாகும் முன்பே சிலாப் வந்துவிடுகிறது. பில்லர், பீம் இல்லாமல் சுவர் மேலேயே சிலாப் உட்காரும் வீட்டில், சிலாப்பின் பாரமும் லிண்டலுக்கு வந்துவிடும். 9 அங்குலச் சுவரில் அந்த 4 அடிக்கு மேலுள்ள செங்கல் கட்டு சுமார் 400 கிலோ. 10 அடி அகல அறையின் சிலாப்பில் பாதியை இந்தச் சுவர் சுமக்கிறது என்றால், அந்த 4 அடி நீளத்துக்கு மட்டும் தரைப்பூச்சும் மனிதர்களும் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன் வருகிறது. சுவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பில்லர், பீம் உள்ள கட்டடத்தில் சிலாப்பின் பாரம் பீமுக்குப் போய்விடும். லிண்டலுக்குச் சுவர் மட்டும்தான். அங்கே வேறொரு தொல்லை. ஜன்னல் பில்லரை ஒட்டி வந்தால் ஒரு பக்கம் உட்காரச் சுவரே இருக்காது. பில்லர் கான்கிரீட் போடும்போதே லிண்டலுக்கான கம்பியை வெளியே நீட்டி விட வேண்டும். மறந்துவிட்டால் பில்லரைக் கொத்தி அதன் கம்பியில் இந்தக் கம்பியைக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. கொத்தக் கூடாது. டிரில் போட்டுத் துளைத்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு, கம்பியை ரசாயனப் பசை கொண்டு பதிக்க வேண்டும்.

இரண்டாவது, உட்காரும் நீளம். ஒவ்வொரு பக்கமும் சுவரில் குறைந்தது 6 அங்குலம்; 9 அங்குலம் கிடைத்தால் நல்லது. 3 அங்குலம் மட்டும் உட்காரும் லிண்டல்களை இப்போது நிறையப் பார்க்கலாம், பலகையின் நீளத்துக்கு ஏற்ப லிண்டலை நிறுத்திவிடுவதால். 6 அங்குலத்தில் பரவ வேண்டிய பாரம் 3 அங்குலத்தில் விழுந்தால் அழுத்தம் இரட்டிக்கும். அதுவும் சீராக விழாது, திறப்பை ஒட்டிய விளிம்பில் குவியும். அந்த மூலைச் செங்கல் நசுங்கி, அங்கிருந்து படிக்கட்டு மாதிரி மேல்நோக்கி விரிசல் ஓடும். லிண்டல் உட்காரும் இடத்தில் பாதிக் கல், உடைந்த கல் வைக்காமல் முழுக்கல்லாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கம்பி. 9 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், 4 அடித் திறப்பு என்றால் அடியில் மூன்று 10 மி.மீ., மேலே இரண்டு 8 மி.மீ., இவற்றைச் சுற்றிக் கட்ட 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்க, அடியில் 25 மி.மீ. கவர் பிளாக் கட்டாயம். ஜல்லியை அடியில் வைத்துக் கம்பியைத் தூக்கிவிடுவது கவர் பிளாக் ஆகாது. கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் வைத்ததும் ஜல்லி நகர்ந்துவிடும். திறப்பு 6 அடியைத் தாண்டினால் அது பெயரளவில்தான் லிண்டல். பீமாகக் கருதிப் பொறியாளர் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இதில் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்று பாருங்கள். 5½ அடி நீள லிண்டலின் கொள்ளளவு 2 கன அடி சொச்சம். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) அதற்கு அரை மூட்டை சிமெண்ட். கம்பி, ரிங் எல்லாம் சேர்த்து 7½ கிலோ அளவில் முடிந்துவிடும். கம்பியில் ஒன்றைக் குறைத்து மிச்சம் பிடிப்பது ஒரு கிலோ. இதற்குப் போய்க் கை வைப்பார்களா என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். இரண்டு மூன்று லிண்டலுக்கு ஒரு சட்டி ஜல்லி, ஒரு சட்டி மணல் என்று கையால் கலப்பது இன்னும் மோசம். சிறிய வேலை என்பதால் மிக்சர் மெஷின் வராது, கண்ணளவில் தண்ணீர் ஊற்றப்படும். மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து ஒரு மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. குழம்பாக ஓடும் கலவை பலகைச் சந்து வழியே சிமெண்ட் பாலை விட்டுவிட்டு ஜல்லியை மட்டும் மிச்சம் வைக்கும். பலகையைப் பிரித்ததும் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள்.

தரையில் வார்த்துத் தூக்கி வைக்கும் லிண்டல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் அடியில் மட்டும்தான் கம்பி. தலைகீழாக வைத்துவிட்டால் கம்பி மேலே போய்விடும், அடி வெறுங்கான்கிரீட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். வார்த்த அன்றைக்கே ஈரத்தில் ஆணியால் ‘மேல்’ என்று கீறிவிட்டால் தீர்ந்தது.

இனி சன்ஷேட். லிண்டலோடு சேர்த்து வார்ப்பதால் அதையும் லிண்டல் என்றே சொல்லிவிடுகிறார்கள். வேலை செய்யும் விதத்தில் இரண்டும் நேர் எதிர். லிண்டல் இரண்டு பக்கமும் தாங்கல் உள்ளது, அடி இழுபடும். சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீட்டி நிற்பது, மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி 3 அங்குலக் கனம், நுனியில் 2 அங்குலம் என்பது வழக்கமான அளவு. மேலே முக்கால் அங்குல மறைப்பு போக, சுவரை ஒட்டிய இடத்தில் அந்தக் கம்பி அடிப்பரப்பிலிருந்து 2 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். கட்டும்போது அப்படித்தான் நிற்கும். கலவைச் சட்டியோடு ஆள் அதன் மேல் ஏறியதும் கதை மாறும். மிதிபட்டு ஒரு அங்குலம் கீழே போனால் சன்ஷேடின் பலம் பாதியாகிவிடும். முழுக்க மிதிபட்டுப் பலகையோடு ஒட்டிவிட்டால் அங்கே கம்பி இருப்பதும் இல்லாததும் ஒன்று. கனம் சரி, கலவை சரி, கம்பி எண்ணிக்கையும் சரி, ஆனாலும் விழும். அடிக்கு ஒன்றாக நாற்காலிபோல் வளைத்த துண்டுக்கம்பி வைத்துத் தாங்கி, மிதிக்கத் தனிப் பலகை போட்டால் இதைத் தவிர்க்கலாம். கான்கிரீட் கொட்டும்போது ஒருவர் கம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பது வீண் சம்பளம் ஆகாது.

அந்தக் கம்பி லிண்டலுக்குள் எவ்வளவு போகிறது என்பதும் முக்கியம். 8 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி பிடிப்பு வேண்டும். லிண்டலின் அகலமே 9 அங்குலம்தான், நேராக நீட்ட இடமில்லை. ஆகவே லிண்டலுக்குள் மேலாகப் போய், உள்பக்கம் இறங்கி, அடியில் திரும்பி, ரிங் மாதிரியே சுற்றி வர வேண்டும். நுனியை மட்டும் மடக்கிச் சொருகிய கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும்.

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் முட்டு எடுப்பதில் நடக்கும் தவறுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 5½ அடி நீளம், 2 அடி நீட்டிய சன்ஷேடின் எடை சுமார் 150 கிலோ. அதன் மையம் சுவரின் வெளி விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி வெளியே. லிண்டலின் எடை 140 கிலோ, அதன் மையமோ சுவருக்குள் 4½ அங்குலத்தில். மேலே சுவர் கட்டாமல் முட்டுகளை எடுத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது சித்தாளுக்கும் தெரியும். 2½ அடிச் சுவர் எழுந்த பிறகு நிலைமை தேவலை. ஆனால் ஒருவர் நுனியில் ஏறி நின்றால் மறுபடி இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். சிலாப் போட்டு அது இறுகிய பிறகுதான் முட்டு வெளியே வர வேண்டும். அடுத்த அறைக்குப் பலகை வேண்டும் என்று நான்காம் நாளே பிடுங்குவது இன்றைய வழக்கம். சாதாரண லிண்டலுக்கே 14 நாள் முட்டு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்பதால், 10 நாளாவது சாக்கு சுற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

தனித்தனியாக வெட்டி வெட்டிப் போடாமல், நான்கு சுவரிலும் தொடர்ச்சியாக ஓடும் லிண்டலுக்கு மேற்படி தொல்லைகளில் பாதி இல்லை. சன்ஷேடைத் திருகாமல் பிடித்துக்கொள்ளும். நிலம் அதிர்ந்தால் நான்கு சுவரும் ஆளுக்கொரு பக்கம் விரியாமல் இடுப்புக்கயிறு மாதிரி கட்டி வைக்கும். 1993 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி நிலநடுக்கத்தில் கில்லாரி கிராமம் ஏறக்குறையத் தரைமட்டமானது. அங்கே இப்படித் தொடர்ந்து ஓடும் லிண்டல் பட்டையோடு கட்டிய ஒரு கட்டடம் பெரிய சேதமின்றி நின்றது. 2002இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திறப்பில்லாத இடங்களில் பட்டைக்கு 3 அங்குலக் கனமும் இரண்டு கம்பியும் போதும். திறப்புக்கு மேல் மட்டும் லிண்டலின் முழு ஆழம். மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய் அங்குள்ள கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மூலையில் விட்டுப்போன பட்டை முடிச்சுப் போடாத கயிறு.

கட்டி முடித்துக் குடியிருப்பவர்கள் விரிசலைப் படிக்கத் தெரிந்துகொண்டால் நல்லது. லிண்டலின் நடுவில் அடியிலிருந்து மேலே ஏறும் விரிசல், பாரம் தாங்கவில்லை என்கிறது. அடி விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஓடுவது துரு. திறப்பின் மேல்மூலையிலிருந்து படிபோல் ஏறுவது, உட்காரும் நீளம் போதாமல் வந்தது. ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து இறங்குவதற்கும் லிண்டலுக்கும் சம்பந்தமில்லை, அஸ்திவாரத்தைப் பாருங்கள். இவற்றில் எல்லாம் யோசிக்க அவகாசம் உண்டு. அவகாசம் தராதது ஒன்றுதான்: சன்ஷேடின் மேல்பக்கம், சுவரோடு சேரும் கோட்டில், மயிரிழை அளவில் நீளமாக ஓடும் விரிசல். கீழே நின்று பார்த்தால் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அது தெரிந்தால் பட்டி வைத்து அடைக்காமல், கீழே நடமாட்டத்தை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அந்த விரிசலில் இறங்கும் மழைநீர் நேராக முக்கியக் கம்பிக்குப் போகிறது. அதே சன்ஷேடின் மேல் 30 கிலோ அளவுள்ள ஏசி வெளிப்பெட்டியை வைத்து, அதை மாட்ட வரும் ஆளையும் நுனியில் நிற்க வைக்கிறோம்.

பழைய 9 அங்குலச் சுவரில் புதிதாகக் கதவு திறப்பவர்கள் முதலில் ஓட்டை போட்டுவிட்டு லிண்டலைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். சிலாப்புக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரின் ஒரு முகத்தில் மட்டும் பாதிக் கனத்துக்கு நீளக் காடி வெட்டி, அளவுக்கேற்ற ‘ப’ வடிவ இரும்புச் சேனலைச் சொருகி, அதன் தலைக்கும் செங்கலுக்கும் இடையே கெட்டியான 1:3 சிமெண்ட், மணல் கலவையை இடித்து நிரப்ப வேண்டும். அது இறுகியபின் மறுமுகத்திலும் அப்படியே செய்து, இரண்டு சேனலையும் போல்ட் போட்டு இணைத்த பிறகுதான் கீழே உள்ள செங்கலில் கை வைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்தியில் விழுந்தது சிலாப்பா, பீமா, லிண்டலா, சன்ஷேடா, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரா என்று தெரிந்து எழுதச் செய்யுங்கள். நிருபர் அங்கே நிற்கும் ஒரு மேஸ்திரியிடம் கேட்டாலே போதும். பூச்சு மட்டும் உதிர்ந்ததற்குக் ‘கூரை இடிந்தது’ என்று தலைப்பு வேண்டாம். சன்ஷேட் விழுந்திருந்தால் முறிந்த இடத்தின் குறுக்குவெட்டுத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கம்பி மேலே இருந்ததா, அடியில் கிடந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்,
திருச்சி.